பெரிய பழம், உதிராத பழம்: ராஸ்பெர்ரியில் புது ரகம் உருவாக்கும் கலப்புத் திட்டம்

#1 நாற்றங்கால்

சிவப்பு ராஸ்பெர்ரியில் புது ரகம் ஒன்றுக்கான திட்டம் போட்டிருக்கிறேன். பழம் பெரிதாக இருக்க வேண்டும், பறித்ததும் மணிமணியாக உதிரக் கூடாது, நான்கைந்து நாள் குளிரில் தாங்க வேண்டும், அதே ஆண்டு முளைத்த தண்டிலேயே இலையுதிர் காலத்தில் காய்க்க வேண்டும்.

தாய் துலமீன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நூட்காவையும் கிளென் புரோசனையும் கலந்து எடுத்தது; சுவையிலும் அளவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தந்தை ஹெரிட்டேஜ். நியூயார்க் ஜெனிவா ஆய்வு நிலையம் 1969ல் வெளியிட்ட இலையுதிர் கால ரகம். பழம் சிறியது, ஆனால் உறுதியானது.

ஒரே கலப்பு, 60 நாற்று. இது போதுமா? பெற்றோர் தேர்வு சரியா? விதை ஓட்டுக்கு அமிலம் கட்டாயமா? ராஸ்பெர்ரி தன் மகரந்தத்திலேயே காய்ப்பது என்பதால் ஆண் நீக்கம் (தாய்ப் பூவின் மகரந்தப் பகுதியை அகற்றுவது) எவ்வளவு கறாராகச் செய்ய வேண்டும்? பூவில் தொடங்கி நாற்றைக் கழிப்பது வரை உங்கள் கருத்துகள் வேண்டும்.

#2 விதைக்காரன்

பெற்றோரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

துலமீன் இரண்டாமாண்டுத் தண்டில் காய்ப்பது. ஹெரிட்டேஜ் முதலாண்டுத் தண்டில் காய்ப்பது. இந்தப் பண்பு ஒற்றை மரபணுவில் இருக்கிறது என்று நினைத்து வாய்ப்பைக் கணக்கிடாதீர்கள். பல மரபணுக்கள் சேர்ந்து பூக்கும் காலத்தை முன்னே பின்னே தள்ளுகின்றன. இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறையில் பெரும்பாலான நாற்றுகள் முதலாண்டில் பூக்கவே பூக்காது. பூப்பவையும் நுனியில் நாலு பூவோடு, குளிர் வந்து கருகும் நேரத்தில் பூக்கும். ஆக இது இரண்டு தலைமுறை வேலை. முதல் தலைமுறையில் பழம் நல்லதாக உள்ள இரண்டு மூன்று செடிகளை எடுத்து, வேறொரு முதலாண்டு ரகத்தோடு மறுபடி கலக்க வேண்டும். இலையுதிர் காலக் காய்ப்பு இரண்டாவது சுற்றில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது சுற்றுக்குத் தன் மகரந்தச் சேர்க்கையை நம்பாதீர்கள். ராஸ்பெர்ரி உட்கலப்பைத் தாங்காது. வீரியம், தண்டின் உயரம், பழ அளவு எல்லாம் ஒரே தலைமுறையில் சரியும். அக்காள் தம்பிச் செடிகளைக் கலப்பதும் அதே திசையில்தான் போகும். வம்சாவளியையும் பாருங்கள். பெயர் வேறு வேறாக இருந்தாலும், இன்றுள்ள ரகங்களில் பெரும்பகுதி லாயிட் ஜார்ஜ், பைன்ஸ் ராயல் போன்ற சில பழைய ரகங்களிலேயே போய் முடியும். மூன்று தலைமுறைக்குள் பொது மூதாதை இரண்டு பக்கமும் வந்தால் வேறு தந்தையைத் தேடுங்கள்.

நேரம் குறைவு என்றால் இரண்டு பக்கமும் முதலாண்டு ரகத்தையே வையுங்கள். சுவையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் ஒரே தலைமுறையில் தேர்வுக்கு உரிய நாற்று கையில் இருக்கும்.

#3 பசுங்கிளை

"பெரிய பழம்" என்ற இலக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நாற்றங்கால். இந்த இழையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ராஸ்பெர்ரிப் பழம் ஒற்றைக் கனி அல்ல. ஒரு பூவில் எழுபது எண்பது சூலகங்கள், சிலவற்றில் நூற்றுக்கும் மேல், கூம்பான பூத்தளத்தின்மேல் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மணியாகும். மணிகளைச் சேர்த்துப் பிடிப்பது பக்கத்து மணிகளின் மெல்லிய மயிர்கள் ஒன்றோடொன்று சிக்குவதும், மணிகள் ஒன்றையொன்று நெருக்குவதும்தான். பழத்தைப் பறிக்கும்போது பூத்தளம் செடியிலேயே நின்றுவிடும், உள்ளே குழி. நடுவில் தாங்க ஒன்றும் இல்லை.

எடை இரண்டு வழியில் கூடும். மணியின் எண்ணிக்கை கூடலாம், அல்லது ஒவ்வொரு மணியும் பெருக்கலாம். 6 கிராம் பழம் 100 மணியில் வந்தால் மணிக்கு 0.06 கிராம். அதே 6 கிராம் 60 மணியில் வந்தால் மணிக்கு 0.1 கிராம். இரண்டாவது பழம் படத்தில் அழகாக இருக்கும், பெட்டியில் உதிரும். மணி பெருத்தால் பக்கத்து மணியோடு ஒட்டும் பரப்பு எடைக்கு ஈடாகக் கூடுவதில்லை, ஒரு மணி கழன்றாலே பக்கத்தது தளர்ந்துவிடும். எனவே எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் உதிரும் பழத்தைத்தான் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள்.

குழியையும் பாருங்கள். அகலக் குழியும் மெல்லிய சுவரும் உள்ள பழம் இரண்டாவது அடுக்கின் எடையிலேயே நசுங்கும். குறுகிய குழி, தடித்த சுவர் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்காட்லாந்துத் திட்டங்களில் எல்1 என்ற ஓங்கு மரபணு (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது) பழ அளவைத் தடாலடியாகக் கூட்டப் பயன்பட்டது. மாலிங் ஜுவல் ரகத்தில் தோன்றிய திடீர் மாற்றம் அது. நிலையற்றது, செடியைப் பெருக்கும்போது சில தண்டுகள் பழைய சிறு பழத்துக்கே திரும்பிவிடும், பழத்தில் உருக்கோணலும் வரும். ஒரு நாற்றில் பழம் மற்றவற்றைவிடத் திடுக்கிடும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் உடனே மகிழ வேண்டாம். வேர்க்கன்றுகளிலும் அதே அளவு வருகிறதா என்று இரண்டு பருவம் பாருங்கள்.

#4 ஆய்வுமேசை

60 நாற்று பற்றி. இதைக் கணக்காகவே பார்க்கலாம்.

வேண்டிய பண்புக் கூட்டு ஒரு நாற்றில் வர வாய்ப்பு 16ல் 1 என்றால், அப்படி ஒன்றாவது கிடைக்க 95 விழுக்காடு உறுதி வேண்டும் எனில் 47 நாற்று. 64ல் 1 என்றால் 191 நாற்று. முள்ளின்மை பாதி, அசுவினி எதிர்ப்பு பாதி, மணிகளின் பிணைப்பு நாலில் ஒன்று, சுவை நாலில் ஒன்று என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 64ல் 1 வந்துவிடும். அதிலும் "ஒன்றாவது" என்பது தேர்வுக்குப் போதாது. அந்த ஒன்று வேரழுகலில் போகலாம்.

என் யோசனை ஒரு கலப்புக்கு 200. இடம் இல்லாவிட்டால் இலக்குப் பண்பைக் குறையுங்கள், நாற்றைக் குறைக்காதீர்கள்.

எந்தப் பண்பு பெற்றோரிலிருந்து நம்பகமாக இறங்கும் என்பதும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான். பழ எடை நன்றாக இறங்கும். இரண்டு பெற்றோரின் நடுமதிப்பைச் சுற்றியே குடும்பம் பரவும். துலமீன் 5 கிராம், ஹெரிட்டேஜ் 2.5 கிராம் என்று வைத்தால் குடும்பத்தின் நடு 3.75 சுற்றி நிற்கும், 5 கிராம் தொடுபவை ஓரத்தில் சில. விளைச்சலை ஒற்றைச் செடியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சர்க்கரை இரண்டுக்கும் நடுவில்; வானிலைக்கு ஏற்ப ஆடும்.

#5 நாற்றங்கால்

மிக்க நன்றி. அப்படியானால் தந்தையை மாற்றிக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தின் ஆட்டம் பிளிஸ் ஹெரிட்டேஜைவிடப் பெரிய பழம், முன்னதாகவும் காய்க்கும். முதல் சுற்று துலமீன் × ஆட்டம் பிளிஸ், 200 நாற்று. அதன் சிறந்த செடிகளை இரண்டாவது சுற்றில் ஹெரிட்டேஜோடு கலந்து உறுதியை எடுக்கலாம்.

பூ வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா, விதைக்காரன் அண்ணா? துலமீன் கோடைத் தொடக்கத்தில் பூக்கும். ஆட்டம் பிளிஸ் பூக்கும்போது அதற்குப் பூ முடிந்துவிடும்.

#6 விதைக்காரன்

பூக்காலப் பொருத்தம் எளிது. ஆட்டம் பிளிஸ் தண்டுகளைக் குளிர்காலத்தில் தரையோடு வெட்டுவதுதான் வழக்கம். நாலைந்து தண்டை வெட்டாமல் விட்டு, இலையுதிர் காலத்தில் காய்த்த நுனியை மட்டும் எடுங்கள். கீழ் மொட்டுகள் அடுத்த கோடைத் தொடக்கத்தில் பூக்கும், துலமீனோடு சேர்ந்தே.

மகரந்தம்: மறுநாள் விரியப்போகும், இதழ் வெளுத்து உப்பிய மொட்டுகளைப் பறியுங்கள். இதழை அகற்றி, நுண்ணிய சல்லடையில் தேய்த்தால் மகரந்தப்பைகள் கீழே தாளில் விழும். 20 முதல் 24 டிகிரியில், நேர் வெயில் படாமல், ஒரு நாள் காயவிடுங்கள். பைகள் வெடித்து வெளிர் தூள் தெரியும். சிறு குப்பியில் போட்டு, அதைச் சிலிக்கா ஜெல் உள்ள பெரிய டப்பாவுக்குள் வைத்து 4 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். உறைபெட்டியில் அடுத்த பருவம் வரை தாங்கும், ஆனால் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு உறைந்த மகரந்தம் செத்துவிடும். குளிரிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் தூளின்மேல் படியும்.

ஆண் நீக்கம்: கறாராகத்தான் செய்ய வேண்டும், நாற்றங்கால். துலமீன் தன் மகரந்தத்தில் நன்றாகவே காய்க்கும். நீங்கள் தூவியது பிடிக்காவிட்டாலும் பழம் அழகாக வரும், நாற்றும் முளைக்கும், மூன்றாம் ஆண்டில்தான் எல்லாம் துலமீனின் வலுவற்ற பிள்ளைகள் என்று தெரியும்.

மொட்டின் நுனியில் இதழின் வெள்ளை லேசாக எட்டிப்பார்க்கும் நிலைதான் சரி. அதற்கு முன்னால் சூல்தண்டுகள் மிகவும் இளசு. பின்னால் என்றால் வெளிவட்டத்து மகரந்தப்பைகள் வெடித்திருக்கலாம். கூர்மையான சிறு கத்தரியாலோ அறுவைக் கத்தியாலோ புல்லி இதழ்களின் அடிக்குச் சற்று மேலே மொட்டைச் சுற்றி வெட்டுங்கள். புல்லி, அல்லி, மகரந்தத் தாள் மூன்றும் ஒரே வளையமாகக் கழன்று வரும். நடுவில் பச்சைக் கூம்பு மட்டும் மிஞ்ச வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் அடிவட்டத்துச் சூலகங்கள் அறுபடும். பழத்தின் அடியில் மணி இல்லாத வெற்றிடம் வரும், விதையும் குறையும். ஒரு தாளாவது மிஞ்சியிருக்கிறதா என்று கைவில்லையால் பாருங்கள்.

கொத்தின் நுனிப் பூவும் அதற்கு அடுத்தவையும் பெரியவை, அவற்றையே பயன்படுத்துங்கள். அந்தக் கொத்தில் ஏற்கனவே விரிந்த பூ, குட்டி மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிட்டு, வெண்ணெய்த்தாள் பையோ நெருக்கமான வலைத்துணிப் பையோ கட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வெந்துவிடும். "இதழ் இல்லாத பூவுக்குத் தேனீ வராது, பை எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. வருகை குறையும், நிற்காது. தேன் சுரக்கும் பகுதி அப்படியே இருக்கிறதே.

ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து சூல்முடிகள் பளபளவென்று ஈரமாக நிற்கும். அப்போது மென்தூரிகையால் கூம்பு முழுக்கத் தடவுங்கள். நுனியை மட்டும் தொட்டால் போதாது, ஒவ்வொரு சூலகத்துக்கும் தனித்தனியே மகரந்தம் வேண்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு முறை. சூல்முடி பழுப்பானால் காலம் கடந்துவிட்டது. தந்தை மாறும்போது தூரிகையை 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்து, முழுக்க உலர்ந்த பிறகே அடுத்த குப்பியில் விடுங்கள்.

சீட்டில் தாய் முதலில், தந்தை பின்னால், தேதி. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் போய்விடும். ஒரு வாரம் பத்து நாளில் பையை எடுத்து, பழம் சிவக்கும் முன் பறவைக்கு வலை போடுங்கள். தூவியதிலிருந்து பழுக்க ஏறத்தாழ 30 முதல் 35 நாள்.

#7 ஆய்வுமேசை

எத்தனை பூ என்ற கணக்கு: கைக்கலப்பில் பழத்துக்கு 40 விதை, அதில் 40 விழுக்காடு முளைப்பு என்று வைத்தால் 200 நாற்றுக்கு 500 விதை, 13 பழம். உதிர்வு, பூசணம், பறவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 பூவாவது கட்டுங்கள்.

மகரந்தத்தைச் சேமித்து வைத்திருந்தால் தூவும் முன் உயிர் சோதனை: 10 விழுக்காடு சர்க்கரை, 0.01 விழுக்காடு போரிக் அமிலம், 1 விழுக்காடு அகர் சேர்ந்த ஊடகத்தில் தூவி, 20 முதல் 22 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். மகரந்தத்தின் விட்டத்தைவிட நீளமாகக் குழல் நீண்டவற்றை மட்டும் முளைத்ததாக எண்ணுங்கள். பாதிக்கு மேல் முளைத்தால் கவலை இல்லை. நாலில் ஒன்றுக்குக் கீழே போனால் வேறு குப்பியை எடுங்கள்.

#8 மாதுளங்கனி

யாரும் வைரஸைத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். ராஸ்பெர்ரி புதர்க்குட்டை வைரஸ் மகரந்தம் வழியே பரவுவது. தந்தையில் அது இருந்தால் நீங்கள் தூரிகையால் தாய்ச் செடிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். விதைக்கும் போகும், நாற்றுக்கும் போகும். பல ரகங்களில் இலையில் அறிகுறியே தெரியாது. கலப்புக்கு முன் இரண்டு பெற்றோரையும் எலைசா அல்லது பி.சி.ஆர் சோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். தொற்றிய செடியை வெப்ப நேர்த்தியால் மட்டும் சுத்தம் செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், இந்த வைரஸ் அதற்கு எளிதில் மசியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இந்த வைரஸின் முக்கிய விளைவே உதிரும் பழம். உதிராத பழத்துக்காகத் தேர்வு செய்யும் வயலில் வைரஸ் புகுந்தால், நல்ல மரபுள்ள நாற்றை நோய்க்காகத் தூக்கி எறிவீர்கள். தொற்று இன்னும் எட்டாத சுமாரான நாற்றை வைத்துக்கொள்வீர்கள்.

உதிர்வின் காரணத்தைப் பிரிக்க ஒரு வழி. ஒரு செடியில் சில பழம் மட்டும், அதுவும் மழை அல்லது கடும் வெப்ப வாரத்தில் பூத்தவை மட்டும் உதிர்ந்தால் அது மகரந்தச் சேர்க்கைக் குறை. செடி முழுக்க, எல்லாப் பறிப்பிலும், முதல் பருவத்திலிருந்தே என்றால் மரபு. முதல் பருவம் நன்றாக இருந்து, அடுத்ததில் செடி முழுக்க உதிர்ந்தால் வைரஸ் சோதனை. திசு வளர்ப்பில் பெருக்கிய கன்றுகளில் ஒரு சில மட்டும் உதிர்ந்தால் பெருக்கும்போது வந்த மாற்றம். அந்தக் கன்றின் வழியை விட்டுவிட வேண்டியதுதான்.

சாதாரண வகை வைரஸுக்கு எதிர்ப்புத் தரும் ஓங்கு மரபணு வில்லமெட் ரகத்தில் உண்டு, மீக்கரில் கிடையாது. வைரஸ் பரவலாக உள்ள வட்டாரத்தில் இரண்டாவது சுற்றுக்கு அப்படி எதிர்ப்புள்ள ஒன்றை நினைவில் வையுங்கள்.

#9 நாற்றங்கால்

இரண்டு பெற்றோருக்கும் சோதனை முடிந்த பிறகே பூவைத் தொடுகிறேன். விதை நேர்த்திக்கு வருவோமா?

#10 ஆய்வுமேசை

பழுத்த பழத்தை நீரில் பிசைந்து, பெக்டினேஸ் (பழச் சதையைக் கரைக்கும் நொதி) சேர்த்து ஓரிரவு அறை வெப்பத்தில் வைத்தால் சதை கரையும். அலசும்போது மிதப்பவற்றைக் கொட்டிவிடுங்கள், அவை பெரும்பாலும் வெற்று ஓடு. மூழ்கியவற்றைத் தாளில் உலர்த்துங்கள்.

விதையைச் சுற்றிய ஓடு கல் போன்றது. முளைப்பு ஆண்டுக்கணக்கில் இழுப்பதற்கு அந்த ஓடும் உள்ளே இருக்கும் உறக்கமும் சேர்ந்தே காரணம். எனவே இரண்டு கட்ட நேர்த்தி.

முதல் கட்டம் அடர் கந்தக அமிலம். கண்ணாடி முகவையைப் பனிக்கட்டிக் குளியலில் வைத்து, முற்றிலும் காய்ந்த விதையைப் போட்டு, விதை முழுகும் அளவைப் போல் சில மடங்கு அமிலம் ஊற்றி, கண்ணாடிக் குச்சியால் கிளறிக்கொண்டே இருங்கள். விதையில் ஈரம் இருந்தால் அந்த இடத்தில் சூடேறிக் கரு வெந்துவிடும். 15 நிமிடத்தில் நாலு விதையை எடுத்துக் கழுவி வில்லையில் பாருங்கள். ஓட்டின் வலைப்பின்னல் மேடுகள் கரைந்து குழிகள் தெரிந்தால் போதும். உள்ளே பழுப்புத் தோல் வெளிப்பட்டால் மிகையாகிவிட்டது. ரகத்துக்கு ரகம் ஓட்டின் தடிப்பு மாறும்; சிலவற்றுக்கு 30 நிமிடம் வரை ஆகும். நேரத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்.

பிறகு அமிலத்தையும் விதையையும் நிறையப் பனிநீரில் மெல்ல ஊற்றுங்கள். அமிலத்துக்குள் நீரை ஊற்றவே கூடாது, தெறிக்கும். பலமுறை அலசி, சோடியம் பைகார்பனேட் கரைசலில் நுரை நிற்கும் வரை கழுவுங்கள். அடுத்து 1 விழுக்காடு கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசலில், மிகுதியாகச் சுண்ணாம்பு சேர்த்து, 5 அல்லது 6 நாள். இது கருகிய எச்சத்தை அகற்றி ஓட்டை மேலும் தளர்த்தும். அமிலம் மிஞ்சியிருக்கும்போது இதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். பைகார்பனேட் படியைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். முகக் காப்பு, அமிலம் தாங்கும் கையுறை, காற்றோட்டம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் கட்டம் குளிர். ஈரமான பீட் அல்லது பாசியில் கலந்து, 4 டிகிரியில் 10 முதல் 12 வாரம். பிழிந்தால் ஒரு சொட்டு வரும் அளவு ஈரம். அதற்கு மேல் என்றால் பூசணம். பிறகு தட்டில் மேலாகத் தூவுங்கள், மூட வேண்டாம். வெளிச்சம் முளைப்புக்கு உதவும். பகலில் 22 முதல் 25, இரவில் 15 டிகிரி. இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். ஆறு வாரத்துக்குப் பிறகும் முளைக்காத தட்டைக் கொட்டாமல் மறுபடி இரண்டு மாதம் குளிரில் வையுங்கள்.

#11 விதைக்காரன்

ஆய்வுமேசை சொன்னது ஆயிரக்கணக்கில் விதை கையாளும் இடத்துக்குச் சரி. 500 விதைக்கு அடர் அமிலம் வீட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. பழத்திலிருந்து எடுத்த விதையைக் காயவிடாமல், அன்றே அலசி, ஈரப் பாசியில் நான்கு மாதம் குளிரில் வைத்தால் ஒரு பகுதி முளைக்கும். முளைப்பு விழுக்காடு குறையும், இழுபறியாகவும் வரும். ஈடுகட்ட 20 பூவுக்குப் பதில் 40 பூ கட்டுங்கள். பூ கட்டுவதில் யாருக்கும் கண் போகாது.

#12 ஆய்வுமேசை

ஏற்கிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அமிலம் இல்லாத முறையில் மெல்லிய ஓடுள்ளவை முதலில் முளைக்கும். முதல் நூறு முளைத்ததும் தட்டைத் தூக்கிப் போட்டால் தடித்த ஓடுள்ள நாற்றுகளைப் பார்க்காமலே கழித்ததாகும். இரண்டாவது குளிர்ச் சுற்றைக் கட்டாயம் கொடுங்கள்.

#13 பசுங்கிளை

நாற்றில் கழிப்பது பற்றி. நிலத்துக்குப் போகும் முன் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

முள்ளின்மை: எஸ் என்ற ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளிப்படுவது). 1981ல் வந்த கிளென் மோய், கிளென் புரோசன் இரண்டும் இந்த வகை. முள்ளில்லாப் பெற்றோருக்குப் பிறந்த முள்ளுள்ள செடி எதுவானாலும் ஒரு பிரதியைச் சுமக்கும். அதை இன்னொரு முள்ளில்லாததோடு கலந்தால் பாதி நாற்று முள்ளில்லாதது. தண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முள்ளில்லா நாற்றின் வித்திலை ஓரத்தில் சுரப்பி மயிர்கள் இருக்காது. வித்திலை விரிந்ததும் கைவில்லையில் பார்த்து அன்றே பிரிக்கலாம்.

மஞ்சள் பழ ரகம் தாயாக இருந்தால் கலப்பு பிடித்ததா என்பதும் நாற்றிலேயே தெரியும். மஞ்சளில் சிவப்பு நிறமி உருவாகும் வழி அடைபட்டிருப்பதால் தண்டும் முள்ளும் வெளிர் பச்சையாக இருக்கும். சிவப்புத் தந்தையோடு கலந்தவற்றில் தண்டு செம்மை காட்டும், பச்சையாக நிற்பவை பெரும்பாலும் தன் மகரந்தப் பிள்ளைகள். உங்கள் திட்டத்தில் இது உதவாது, பின்னால் உதவும்.

அசுவினி: நாலு இலைப் பருவத்தில் செடிக்கு இரண்டு மூன்று சிறகற்ற அசுவினியை விட்டு, சில நாள் கழித்து எண்ணினால் எதிர்ப்புள்ளவை வெறுமையாக நிற்கும். ஆனால் ஏ1, ஏ10 போன்ற ஒற்றை மரபணு எதிர்ப்புகளை மீறிய அசுவினி வகைகள் ஐரோப்பாவில் பரவிவிட்டன. இதற்காக நல்ல நாற்றுகளில் பாதியைக் கழிக்க நான் சொல்ல மாட்டேன்.

தண்டில் மென்மயிர் தரும் எச் மரபணுவும் இப்படித்தான். மயிருள்ள தண்டில் சாம்பல் பூசணமும் மொட்டருகு கருகலும் குறையும். சாம்பல் நோயும் தண்டுப்புள்ளியும் கூடும். உங்கள் இடத்தில் எது பெரிய தொல்லையோ அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

#14 மாதுளங்கனி

வயல் பற்றி ஓர் அவசியமான குறிப்பு. வரிசையில் 60 செ.மீ. இடைவெளி, வரிசைக்கு வரிசை 2.5 முதல் 3 மீட்டர். ராஸ்பெர்ரி வேர்க்கன்று விடுவதில் கணக்கு வழக்கு கிடையாது. 14ஆம் நாற்றின் கன்று 15ஆம் நாற்றின் நடுவில் எழுந்தால் அடுத்த ஆண்டு நீங்கள் சுவைப்பது யாருடைய பழம் என்று தெரியாது. முதல் இரண்டு பருவமும் சுற்றி அலையும் கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள்; மேலாகக் கிள்ளினால் மறுபடி வரும். அல்லது முதல் மதிப்பீட்டை 10 லிட்டர் தொட்டியிலேயே வையுங்கள்.

20 நாற்றுக்கு ஒரு துலமீன் கன்று இடையில் நடுங்கள். மண் ஒரு மூலையில் நன்றாக இருந்தால் அந்த மூலையின் நாற்றெல்லாம் நல்லதாகத் தெரியும்; ஒப்பிட ஒரே மரபுள்ள செடி வரிசை நெடுக வேண்டும். மண் 5.8 முதல் 6.5 வரை கார அமில நிலை, நீர் தேங்காத மேட்டுப்பாத்தி. வேரழுகலுக்கு எதிர்ப்புள்ள லேதம் போன்ற ரகம் வம்சத்தில் இல்லாத குடும்பம் ஈரக்களியில் ஒரே குளிர்காலத்தில் போய்விடும்.

#15 விதைக்காரன்

பழ மதிப்பீட்டில் என் வரிசை இது. முதலில் பறிக்கும் சோதனை: முழு நிறம் வந்த அன்று இரு விரலால் இழுக்கும்போது மணி கிழிந்தால் அல்லது பழம் பூத்தளத்தை விடாமல் பிடித்தால் அந்தச் செடி முடிந்தது. அடுத்து விரல் நுனியில் தொப்பிபோல் மாட்டி லேசாக விரியுங்கள். மணிகளுக்கு இடையே பிளவு வந்தால் அதுவும் முடிந்தது. இந்த இரண்டிலேயே பாதிக்கு மேல் போய்விடும், கருவி எதுவும் வேண்டாம்.

மிஞ்சியதில் பருவத்தின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று பறிப்பில் 25 பழம் வீதம் எடை. முதல் பறிப்பின் நுனிப் பழம் எப்போதும் பெரிது, அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம். ஐந்து பழத்தில் மணிகளை எண்ணி, பசுங்கிளை சொன்ன மணி எடையைக் கணக்கிடுங்கள். பிறகு தாங்கும் சோதனை: ஒற்றை அடுக்காக வெள்ளைத் தாளில் வைத்து, 3 டிகிரியில் 5 நாள், 20 டிகிரியில் 1 நாள். தாளில் சாறு கறை, பூசணம் வந்த பழங்களின் எண்ணிக்கை, நிறம் கருத்த அளவு மூன்றையும் குறியுங்கள். பறிக்கும்போதே கருஞ்சிவப்பான பழம் குளிரில் இன்னும் கருத்துப் பழையது போலத் தெரியும். பளபளப்புள்ள நடுச்சிவப்பே சிறந்தது.

சுவை கடைசியில்.

#16 பசுங்கிளை

சுவை கடைசியில் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, விதைக்காரன். உறுதியும் பிணைப்பும் அடுத்த கலப்பில் சேர்க்கக் கூடியவை. நல்ல பெற்றோர் நிறைய உண்டு. சுவை தொலைந்தால் திரும்பக் கொண்டுவருவது கடினம், அதில் சர்க்கரை, அமிலம், மணம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) 10 காட்டும் இரண்டு பழத்தில் ஒன்று தட்டையாகவும் மற்றொன்று முழுமையாகவும் இருக்கலாம். முதல் ஆண்டே சுவையில் மிகச் சிறந்த ஐந்தைத் தனியே வைக்க வேண்டும், பழம் உதிர்ந்தாலும் சரி. ரகமாக அல்ல, இரண்டாவது சுற்றுக்குப் பெற்றோராக.

#17 விதைக்காரன்

பெற்றோராக என்றால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பட்டியல் வைப்போம். ரகமாகப் போகக் கூடியவை ஒரு பட்டியல், கலப்புக்கு மட்டும் உரியவை இன்னொன்று. முதல் பட்டியலுக்கு என் வரிசை, இரண்டாவதற்கு உங்களுடையது. மழை பெய்த மறுநாள் பிரிக்ஸ் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக வைப்போம்.

#18 வெயில்நிலம்

இடையில் ஒரு கேள்வி. குளிர் குறைந்த இடத்துக்கு இதே திட்டம் ஆகுமா?

#19 ஆய்வுமேசை

துலமீன் பக்கம் சிக்கல். இரண்டாமாண்டுத் தண்டில் காய்க்கும் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழ் 800 முதல் 1,600 மணி நேரக் குளிர் வேண்டும். கிடைக்காவிட்டால் மொட்டு சீராக உடையாது. குளிர் குறைந்த இடத்தில் முதலாண்டு ரகங்களுக்குள்ளேயே கலப்பது நல்லது. வெப்பம் தாங்கும் காட்டினங்களில் ரூபஸ் பார்விஃபோலியஸ் பயன்பட்டிருக்கிறது. மிசிசிப்பியிலிருந்து 1972ல் வந்த டார்மன்ரெட் அந்த வழி. செடி வெயிலைத் தாங்கும், பழத்தைப் பச்சையாகத் தின்னும்போது சுவை மங்கல். காட்டினத்தைத் தொட்டால் நல்ல ரகத்தோடு மறுகலப்பு இரண்டு மூன்று சுற்றாவது வேண்டும்.

#20 நாற்றங்கால்

தேர்ந்த செடிகளைப் பெருக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? துலமீன் போன்ற ரகத்தைப் பெற்றோராக எடுப்பதில் உரிமைச் சிக்கல் வருமா?

#21 மாதுளங்கனி

பெருக்க வேர்த்துண்டு போதும். செடி உறங்கும் காலத்தில் 3 முதல் 6 மி.மீ. தடிப்புள்ள வேரை 8 முதல் 10 செ.மீ. துண்டாக்கி, 3 செ.மீ. ஆழத்தில் படுக்கையாகப் போடுங்கள். தேர்வுக்கு 6 முதல் 10 கன்று வீதம் மூன்று இடங்களில், துலமீனையும் ஆட்டம் பிளிஸையும் பக்கத்தில் வைத்து, மூன்று காய்ப்புப் பருவம். விளைச்சலைப் பற்றிப் பேசுவது இந்தக் கட்டத்தில்தான். ஒவ்வொரு தேர்வின் இரண்டு கன்றைப் பூச்சி வலைக்குள் தனியே, வைரஸ் சோதனை முடித்து வையுங்கள். வயலில் தொற்று வந்தாலும் மூலச்செடி தப்பும். கலப்பிலிருந்து வெளியீடு வரை 10 முதல் 15 ஆண்டு என்பது பெரிய திட்டங்களிலேயே சகஜம்.

உரிமை: யூபோவ் என்ற, புதிய தாவர ரகங்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் 1991 வடிவம், பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் புது ரகம் உருவாக்கக் கலப்பில் பயன்படுத்த அனுமதிக்கிறது. அந்த ரகத்திலேயே தோன்றிய திடீர் மாற்றத்தைப் புது ரகமாக அறிவிப்பது வேறு விஷயம், அதற்கு மூல உரிமையாளரின் பிடி இருக்கும். காப்புரிமைச் சட்டத்தின் கீழ் வரும் ரகங்களுக்கும், கன்று வாங்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தங்களுக்கும் இந்தச் சலுகை பொருந்தாமல் போகலாம். கன்றின் ரசீதோடு வந்த நிபந்தனைகளை முதலில் படியுங்கள்.

உங்கள் ரகத்தைப் பதிவு செய்ய நினைத்தால் அது மற்றவற்றிலிருந்து வேறுபட்டு, சீராக, நிலையாக இருக்க வேண்டும்; புதியதாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டுக்கு மேலாக, வெளியே நான்காண்டுக்கு மேலாக உங்கள் சம்மதத்தோடு விற்பனையில் இருந்தால் புதுமை போய்விடும். எனவே சோதனைக் கன்றை யாருக்குக் கொடுத்தாலும் விற்பனை அல்ல, சோதனைக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

#22 நாற்றங்கால்

சரி, திருத்திய திட்டம்: துலமீன் × ஆட்டம் பிளிஸ், 40 பூ, அமிலம் இல்லாமல் ஈர விதை, இரண்டு குளிர்ச் சுற்று, 200 நாற்று 10 லிட்டர் தொட்டியில், 20க்கு ஒரு துலமீன். பெற்றோர் இரண்டின் இலையும் வைரஸ் சோதனைக்குப் போகிறது. ஆட்டம் பிளிஸில் ஐந்து தண்டை இந்தக் குளிர்காலம் வெட்டாமல் விடுகிறேன். மணி எண்ணிக்கை, மணி எடை, தாங்கும் சோதனை மூன்றுக்கும் ஓர் அட்டவணை தயாரித்து இங்கேயே போடுகிறேன். விடுபட்ட கட்டம் இருந்தால் சொல்லுங்கள்.

#23 பசுங்கிளை

அட்டவணையில் குழியின் அகலத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பழத்தை நெடுக்காக வெட்டி, வாய்ப்பகுதியில் மி.மீ. அளவு.